ஜெக் அண்ணனின் டயர் நாற்காலி

ஹட்டன் மஸ்கெலியா ரோட்டில் வண்டி ஓட்டுகிறவர்களில் ஜெக் அண்ணனிடம் பொய் சொல்லாதவன் ஒருத்தன்கூட இல்லை. சொல்லிவிட்டு மாட்டிக்கொள்ளாதவனும் இல்லை.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. என் போனில் ‘ஜெக் அண்ணன்’ என்றுதான் இருக்கிறது. பின் சீட்டைக் கழற்றிப்போட்டு, அந்த இடத்தில் காத்தடிக்கிற மெசினையும் வண்டியைத் தூக்குகிற ஜெக்கையும் ஏற்றி வைத்த ஒரு சிவப்பு ஓட்டோ. கூரையில் மூன்று பழைய வேன் டயர். எந்த வளைவில் டயர் போனாலும் போன் எடுத்தால் போதும், வந்து அந்த இடத்திலேயே ஒட்டியோ மாற்றியோ தருவார்.

வருவார்தான். ஆனால் எப்போது வருவார் என்பது வேறு கதை.

டயர் ஆள் என்றால் என்ன வண்டி, என்ன சைஸ் என்றுதானே கேட்க வேண்டும்? இவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான். “எங்க போய்க்கிட்டு இருந்தீங்க?”

அதை வைத்துத்தான் வரிசை. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் முதலில், பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் அடுத்து, அதற்குப் பிறகு தேயிலைக் கொழுந்து ஏற்றுகிற லொறி. கல்யாணம் என்றால் ஒரு விசாரணையே நடக்கும். “யாருக்கு கல்யாணம்? ஒனக்கா? அப்ப இந்தா வந்துட்டேன். சாப்பிடத்தானே போற? அப்ப இரு.” வீட்டுக்குப் போகிறவர்கள் எல்லாருக்கும் கடைசி. “வீடு எங்கயும் ஓடிறாதுப்பா.”

ஒருநாள் தோட்டத்துப் பெரிய தொரையின் ஜீப் மழையில் டயர் போய் நின்றுவிட்டது. பக்கத்திலேயே ஒரு ஸ்கூல் வேனும் டயர் போய் நின்றது.

“நான் யாருன்னு தெரியுமா?” என்று வந்து இறங்கிய ஜெக் அண்ணனிடம் கேட்டார் தொரை.

“தெரியுங்க தொர. எங்க போறீங்க?”

“பெரட்டுக்கு.”

“நீங்க போகாம அங்க பேரு கூப்பிட மாட்டாங்க. இந்தப் புள்ளைகளுக்கு ஒம்பது மணிக்கு பரீட்ச. அந்தக் கொடய கொஞ்சம் இப்பிடி புடிங்க.”

தொரை பிடித்தார். ஜெக் அண்ணன் நாலு நட்டையும் முறுக்கி முடிக்கிறவரை பிடித்தார். தோட்டத்துக்கே பேர் கூப்பிட்டுப் பெரட்டுப் போடுகிற மனுசன் ரோட்டில் குடை பிடித்து நின்றதைப் பார்க்க, கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனார்கள்.

இப்படி ஒரு வரிசை இருக்கிறது என்று தெரிந்ததும், டயர் போன எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தார்கள். ஒரு வேன்காரர், “மாமியா சீரியஸ்ணே” என்று அழாத குறையாகச் சொன்னார். ஜெக் அண்ணன் பறந்து வந்து மாற்றிக் கொடுத்தார். அதோடு விடுகிற ஆளா? ஞாயிற்றுக்கிழமை ஒரு பை தோடம்பழத்தோடு மாமியார் இருக்கிற லயத்து வீட்டைத் தேடிப் போய்விட்டார். அந்தம்மா வாசலில் கோடாலியோடு விறகு பிளந்துகொண்டிருந்தது.

“என்னங்கம்மா, சீரியஸ்னாங்க?”

“யாரு சொன்னது?”

“ஒங்க மருமகன்.”

அதற்குப் பிறகு மூன்று மாதம் அந்த வேன்காரருக்கு மாமியார் வீட்டில் தேத்தண்ணிகூடக் கிடைக்கவில்லை.

இன்னொரு சட்டமும் உண்டு. வண்டிக்குள் ஆள் இருந்தால் ஜெக் போட மாட்டார். கோழி இருந்தாலும் இறக்கச் சொல்வார். இறங்கினவர்கள் உட்காரக் கூரையில் இருக்கிற மூன்று டயரையும் எடுத்து அடுக்கி, மேலே ஒரு சாக்கு விரிப்பார். ஒரு கல்யாணப் பெண் பட்டுச்சேலையோடு அதில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஓட்டோதான் பிழைப்பு. நானும் அவரிடம் ரெண்டு தடவை பொய் சொல்லியிருக்கிறேன். உண்மையைச் சொல்ல முடியாமல் போனது ஒரே ஒரு தடவை.

போன மழைக்காலம். அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தேன். டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இனி வீட்டுக்குக் கொண்டுபோங்க, இன்னைக்கோ நாளைக்கோ” என்று சொல்லியிருந்தார். அப்பாவிடம் ரெஸ்ட் எடுக்கச் சொன்னதாகச் சொல்லி வைத்திருந்தேன். வீட்டில் அம்மா கஞ்சி வைத்துக் காத்திருந்தார். நல்ல மூச்சோடு அப்பாவை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்த்துவிட வேண்டும். வேறு ஒன்றும் மனதில் இல்லை.

பாதி வழியில் டயர் போனது. ஸ்பேர் டயரைக் காலையிலேயே போட்டு முடித்திருந்தேன். போன் எடுத்தேன்.

“எங்க போற தம்பி?”

பின் சீட்டில் சாய்ந்தபடி அப்பா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்குத்தாண்ணே.”

“அப்ப இரு. மூணு பேரு முன்னுக்கு நிக்கிறாங்க.”

“சரிண்ணே.”

போனை வைக்கப் போனேன். அவர் வைக்கவில்லை. என்றைக்கும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

“எங்கருந்து வர்ற?”

“ஆஸ்பத்திரியிலருந்து. அப்பாவ கூட்டிக்கிட்டு.”

போனிலேயே அவர் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணுகிற சத்தம் கேட்டது. பிறகு, “அங்கயே நில்லு” என்றார்.

பத்து நிமிஷத்தில் சிவப்பு ஓட்டோ வந்துவிட்டது. டயரைப் பார்க்கவே இல்லை. நேரே அப்பாவிடம் போனார். “என்னங்கய்யா, எறங்குங்க. ஆள் இருந்தா ஜெக் போட மாட்டேன்.”

“அப்பாவால எறங்க முடியாதுண்ணே.”

“சட்டம் எல்லாருக்கும் ஒன்னுதான்.”

டயரை அடுக்கினார். சாக்கை விரித்து, அதன்மேல் தன் மழைக்கோட்டைக் கழற்றி நனையாத உள்பக்கம் மேலே வரும்படி போட்டார். பிறகு அப்பாவைக் குழந்தை மாதிரி ரெண்டு கையிலும் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். என்னைப் பார்த்து, “முதுகுக்கு நீ நில்லு” என்றார். அப்பா என் வயிற்றில் சாய்ந்துகொண்டார். மழை விட்டிருந்ததால் எதிரே முழு மலையும் தெரிந்தது. அப்பா முப்பது வருஷம் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிய மலை.

வேலை நடக்கும்போதே ஜெக் அண்ணனின் போன் விடாமல் அடித்தது. வரிசையில் நின்றவர்கள். தோளில் போனை இடுக்கிக்கொண்டு கத்தினார். “கொஞ்சம் பொறுப்பா! இங்க ஒரு கல்யாணம். ஆமா, மாப்ளைக்குத்தான். மாப்ள டயர்ல உக்காந்திருக்காரு, வந்து பாரு!”

பொய்யே பிடிக்காத மனுசன் வாய் கூசாமல் சொன்னார்.

அப்பா சிரித்தார். இருமல் வருகிறவரை சிரித்தார். “பொண்ணு கஞ்சி வச்சிக்கிட்டு காத்திருக்கு, சீக்கிரம் முடி தம்பி” என்றார்.

முடித்தார். அவர் அவ்வளவு வேகமாக டயர் ஒட்டி நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போனதும் அப்பா ரெண்டு கரண்டி கஞ்சி குடித்தார். டயர் நாற்காலிக் கதையை அவரே அம்மாவிடம் சொல்லிச் சிரித்தார். மறுநாள் காலையில் அம்மா தேத்தண்ணியோடு போய் எழுப்பினபோது எழும்பவில்லை.

போன வாரம் றொசல்ல பக்கத்தில் என் டயர் மறுபடியும் போனது. போன் எடுத்தேன்.

“எங்க போற?”

“வீட்டுக்குத்தாண்ணே. நீங்க கடைசியாவே வாங்க.”

“வீட்டுல யாரு இருக்கா?”

“அம்மா மட்டுந்தான்.”

போனிலேயே வரிசையை ஒரு தடவை எண்ணினார்.

“அப்ப நீ கடைசி இல்ல. நடுவுல வச்சிருக்கேன், இரு.”

இறங்கிக் கல்லில் உட்கார்ந்தேன். நடுவில்தான் வந்தார். வந்ததும் வராததுமாக டயரை அடுக்கிச் சாக்கை விரித்தார்.