சமதளம் என்று எழுதியிருக்கிறீர்கள், மாப்பிள்ளை

மரியாதைக்கும் பிரியத்துக்கும் உரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. நீங்களும் என் மகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உங்கள் அத்தை சௌக்கியம். நான் இருக்கிறேன்.

தாங்கள் எழுதி அனுப்பிய ‘கோட்டை ஊரும் சுற்றுப்புறமும்: எளிய நடைகள்’ புத்தகம் வந்து சேர்ந்தது. அட்டை பிரமாதம். தாள் பிரமாதம். தேடிப் பார்த்தும் எழுத்துப்பிழை அகப்படவில்லை. ஒரு மாமனார் மாப்பிள்ளையிடம் சொல்லக்கூடியதை எல்லாம் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். இனி விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை, மலை என்று ஒன்று இருக்கிறது.

முதலிலிருந்து சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஓய்வுக்காலத்துக்கு அமைதியாக இருக்கும் என்று இந்தப் பழைய ஊருக்குக் குடிவந்த கையோடு உங்கள் அத்தையின் முழங்கால் தகராறு செய்தது. டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, "தினமும் நடங்கம்மா, ஆனா சமதளத்துல மட்டும்தான்" என்றார். அதே வாரம் உங்கள் புத்தகம் வந்தது. பக்கத்துக்குப் பக்கம் சமதளம், சமதளம், சமதளம் என்று இருந்ததைப் பார்த்து அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் வேதம். நான் நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து தலை நரைத்தவன் என்பது தாங்கள் அறிந்ததே. எது மேடு, எது பள்ளம் என்று சொல்வதற்குத்தான் அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்தது. ஊரே நம்பிய அந்த வார்த்தையை இன்று என் வீட்டில் நம்ப ஆளில்லை. நான் மேடு என்கிறேன், புத்தகம் சமதளம் என்கிறது, அவள் புத்தகத்தின் பக்கம் நிற்கிறாள்.

முதல் நடை ‘மதில் மேல் உலா’. முதியோரும் சிரமமின்றிச் செல்லலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். மேலே போனபின் சமதளம்தான், மறுக்கவில்லை. ஆனால் மேலே போக வேண்டுமே, மாப்பிள்ளை! எதிரி ஏறக்கூடாது என்பதற்காகவே ராஜா கட்டிய மதில் அது. ஒவ்வொரு கல்படியும் என் முழங்கால் உயரம், கைப்பிடிக் கம்பி இருந்த இடத்தில் துரு மட்டும் இருக்கிறது, பாதியில் எனக்கு நெஞ்சு அடைத்துக்கொண்டு வர அப்படியே உட்கார்ந்து, "படியைப் பத்தி உன் மாப்பிள்ளை ஒரு வார்த்தை எழுதலையே" என்றேன். மேலேயிருந்து பதில் வந்தது: "மேடு இல்லைன்னுதானே எழுதியிருக்கார்? மேடு வேற, படி வேற." வக்கீல் வீட்டில் பிறந்திருக்க வேண்டியவள், என்னிடம் வந்து மாட்டிக்கொண்டாள்.

இரண்டாவது, ஆற்றோர நடை. "மரப்பாலத்தைக் கடந்தால் சாதுவான பசுக்கள் மேயும் புல்வெளி." போய்ப் பார்த்தால் இந்தக் கரையில் ஒரு கட்டை, அந்தக் கரையில் ஒரு கட்டை, நடுவில் ஆறு. திரும்பிப் போகலாம் என்றால் கேட்கணுமே! "பாலம் இருந்திருக்கும், ஊர்க்காரங்கதான் கழட்டிட்டாங்க. மாப்பிள்ளை என்ன பண்ணுவார் பாவம்" என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். நானும் பின்னால் இறங்கி, இடுப்புவரை நனைந்து, ஒரு செருப்பை ஆற்றுக்குக் கொடுத்துவிட்டுக் கரையேறினால் எதிரே நிற்பது பசு இல்லை, காளை. அது எங்களைப் பார்த்த பார்வையில் சாது எதுவும் இல்லை. வேலியைத் தாண்டியபோது என் சட்டையின் முதுகு முள்ளில் தங்கிவிட்டது. அப்போதும் அவள் உங்களை விட்டுக்கொடுத்தாளா? "அவர் எழுதினப்போ அது கன்னுக்குட்டியா இருந்திருக்கும்" என்றாள். ஒற்றைச் செருப்போடும் கிழிந்த சட்டையோடும் நான் கடைவீதி வழியாக வீடு திரும்பியதைத் தாங்கள் பார்த்திருந்தால் இரண்டாம் பதிப்பைப் பற்றி யோசித்திருப்பீர்கள்.

மூன்றாவதுதான் என்னை முடித்துவிட்டது. ‘காவல் கோபுர நடை. வயல்வெளி வழியே சமதளமான பாதை.’ வயல் வரைக்கும் சரி. அதற்கப்புறம் மலை, மாப்பிள்ளை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், முழு மலையை எதில் மறைப்பது? காவல் கோபுரத்தைப் பின்னே பள்ளத்திலா கட்டுவார்கள்? இந்தத் தடவை விடுவதில்லை என்று நான் வீட்டிலிருந்தே சாய்வைக் காட்டிக்கொடுக்கும் ரசமட்டத்தைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பாதையில் வைத்து, "குனிஞ்சு பாரு, குமிழி எங்கே ஓடுது பாரு" என்றேன். பார்த்தாள். "நீங்க ரிடையர் ஆனப்பவே இதுவும் ரிடையர் ஆயிடுச்சு" என்றாள். அந்த நேரம் பார்த்து அவள் கீழே வைத்த தண்ணீர் பாட்டில் சாய்ந்து, உருண்டு, வேகமெடுத்து, அடிவாரத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் காலடியில் போய் நின்றது. "இப்ப என்ன சொல்றே?" "காத்து." ஒரு இலை அசையவில்லை! அந்த மனிதர் பாட்டிலை எடுத்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். கடவுளாகப் பார்த்து அனுப்பிய சாட்சி என்று, "ஐயா, இது மலைதானே?" என்று கேட்டேன். "வேற என்னங்க? மலைதான்" என்றார். அவள் புத்தகத்தை அவரிடமே நீட்டி, "எங்க மாப்பிள்ளை எழுதினது" என்றாள். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அச்சுல வந்திருக்குன்னா விசாரிச்சுத்தான் போட்டிருப்பாங்க" என்று சொல்லிவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். நல்ல சாட்சி!

தாங்கள் இந்தப் பாதைகளை எல்லாம் மோட்டார் பைக்கில் சுற்றிப் பார்த்திருப்பீர்களோ என்று எனக்கு ஒரு சின்ன சந்தேகம். வண்டிக்கு மேடு தெரியாது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், கேட்கத் தோன்றியது, கேட்டேன்.

சரி, முழங்கால் வலித்தால் தன்னால் உண்மை வெளிவரும் என்று காத்திருந்தேன். நேற்று டாக்டரிடம் போனோம். அவர் அமுக்கிப் பார்த்து, மடக்கிப் பார்த்து, "பிரமாதம். சமதளத்துல நடந்ததோட பலன் இது. இதையே விடாம செய்ங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்க ஏன் இப்படி இளைச்சுப் போயிட்டீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், "இவருக்கு மனசுல கவலைங்க, டாக்டர்" என்றாள் உங்கள் அத்தை. தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்.

மாப்பிள்ளை, நான் உங்களிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உங்கள் கைப்பட ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள்: ‘காவல் கோபுரப் பாதை சமதளம் அல்ல, மாமா சொல்வதே சரி.’ பிள்ளைகள் மதிக்கவில்லை, ஊர் மதிக்கவில்லை என்றால்கூடத் தாங்கிக்கொள்வேன். கூட வாழ்கிறவள் என் கண்ணை நம்பவில்லை என்றால் இத்தனை வருஷம் நான் பார்த்த வேலைக்கு என்ன அர்த்தம்? மனசு விட்டுப்போச்சு, மாப்பிள்ளை. அந்த ஒரு வரி வந்தால் அதைச் சட்டமடித்து மாட்டிவிட்டு மீதிக் காலத்தை நாற்காலியில் கழித்துவிடுவேன்.

என் மகளிடம் இதைக் காட்ட வேண்டாம், உடனே அம்மாவுக்குப் போன் போட்டுவிடுவாள். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல், நல்ல காலோடு நெடுங்காலம் நடந்து வாழ எங்கள் ஆசி எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள், தானும் இரண்டு வரி எழுதுகிறேன் என்று உங்கள் அத்தை கடிதத்தை வாங்கிவிட்டாள். முழுக்கப் படித்தாள். சண்டை வரும் என்று நினைத்தேன், வரவில்லை. "மலைன்னு எனக்குத் தெரியாதாங்க? மூச்சு எனக்குந்தானே வாங்குது. சர்வீஸ் பூரா நீங்க கம்பும் சங்கிலியுமா ஊர் ஊரா நடந்தீங்க, நான் வாசலைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன். இப்பதான் சேர்ந்து நடக்கறோம். நான் அதை மலைன்னு ஒத்துக்கிட்டா, டாக்டர் சொன்னாருன்னு என்னை வீட்ல உக்கார வெச்சிட்டு நீங்க மட்டும் போயிடுவீங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் நாற்காலிதான்" என்றாள். ரசமட்டத்தை எடுத்துப் பரணில் போட்டுவிட்டேன், மாப்பிள்ளை.

ஆகவே அந்த ஒரு வரி வேண்டாம். இரண்டாம் பதிப்பிலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். யார் மிரட்டியும் ஓர் அளவை மாற்றி எழுதாதவன் நான். இப்போது அவள் வாசலில் நின்று கூப்பிடுகிறாள், கிளம்ப வேண்டும். சர்வேயராகச் சொல்கிறேன், நேரில் ஏறிப் பார்த்தவனாகவும் சொல்கிறேன்: அந்த மலை சமதளம்.