ராசிக்கேற்ற ஷாக் அப்சர்பர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதியமான்கோட்டையைத் தாண்டிப் போகிறவர்கள் கண்ணில் அந்தக் கூட்டம் படாமல் போகாது. சர்வீஸ் ரோட்டு ஓரம் ஒரு தகரக் கொட்டகை. அதன் முன்னால் ஜீப்புகளும் பெரிய பெரிய ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளும் வரிசை கட்டி நிற்கும். எல்லாம் கம்பெனி கொடுத்த உயரம் போதாதென்று தூக்கிக் கட்டிய வண்டிகள். சொந்தக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு கையில் ஆர்.சி. புத்தகமும் இன்னொரு கையில் ஜாதகமுமாகக் காத்திருப்பார்கள். உள்ளே நடப்பது சர்வீஸ் அல்ல, தரிசனம்.

வாகன சித்தர் என்று பலகை சொன்னது. சித்தர்கள் மலைக்குகையில் இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இவர் நெடுஞ்சாலையில், பார்க்கிங் வசதியோடு இருந்தார். பூர்வாசிரமத்தில் பெயர் மாதப்பன், தொழில் வாஸ்து. பாப்பாரப்பட்டிப் பக்கம் ஒருவர் வீட்டுக் கக்கூஸை நாலு முறை இடம் மாற்றினார். ஐந்தாவது முறை வீட்டுக்காரர் அவரையே இடம் மாற்றிவிட்டார்.

போன இடத்தில் சும்மா இருப்பாரா? ஊரில் பையன்கள் ஜீப்பைத் தூக்கிக் கட்டுவதைப் பார்த்தார். அறைக்கு அடிக்கணக்கில் பலன் சொல்லும் மனையடி சாஸ்திரத்தை எடுத்து, வண்டியடி சாஸ்திரமாகத் திருப்பித் தைத்துவிட்டார். பின்பக்க ஷாக் அப்சர்பரின் நீளம் சொந்தக்காரன் ராசிக்குப் பொருந்த வேண்டும். மேஷத்துக்கு இருபத்தொரு அங்குலம். சிம்மத்துக்கு இருபது. கன்னிக்குப் பத்தொன்பது. இருபத்து மூன்றா? கண்ணை மூடிக்கொள்வார். அது எந்த ராசிக்கும் ஆகாது, ஆளே மிஞ்சாது.

அளப்பதற்கு அவரிடம் ஒரு கோல் இருந்தது. சந்தனக் கட்டையாம். அதில் எண் கிடையாது, கோடு மட்டும்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் நடுவே ஒரு மந்திரம் சொல்வதால், எத்தனை எண்ணினார் என்று எதிரே நிற்கிறவனுக்குப் பிடிபடாது. பிடிபடாததெல்லாம் ஞானம் என்று நம் ஜனங்கள் கும்பிட்டார்கள்.

வேடியப்பனும் கும்பிட்டவன்தான். வத்தல்மலை அடிவாரத்திலிருந்து மேலே ஆளும் சாமானும் ஏற்றுகிற ஜீப் அவனுடையது. தார் ரோடு முடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் வெறும் கல்லும் பள்ளமும். அடியில் கல் இடிக்கிறதென்று ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை மூன்று அங்குலம் தூக்கிக் கட்டினான். அதுவரை சரி. அதற்கப்புறம்தான் யாரோ சித்தர் பேச்சை எடுத்தார்கள். வேடியப்பன் மேஷம். மந்திரத்தோடு இருபத்தொரு அங்குல ஷாக் இரண்டு ஏறியது.

அன்றிலிருந்து ஜீப்பின் பின்பக்கத்துக்குக் குணம் மாறிவிட்டது. சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் 'டங்' என்று ஒரு சத்தம். பின்பக்கம் வெடுக்கென்று உதைக்கும். போன வாரம் ஒரு வளைவில் பின்சக்கரம் பக்கவாட்டில் ஒரு முழம் தள்ளியது. வேடியப்பன் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினான். ராகி மூட்டைக்கு மேலே உட்கார்ந்திருந்த பெரியவர் முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டே இறங்கி, மிச்சத் தூரம் நடந்தே போய்விட்டார்.

இந்தச் சமயத்தில்தான் தங்கை கவிப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. அவளைக் கட்டிக்கொடுத்தது மேலே, தார் ரோடு இல்லாத அந்த ஊரில். ஒன்பது மாதக் கர்ப்பம்.

"அண்ணா, செவ்வாக்கெழம டேட்டு குடுத்துருக்காங்க. திங்கக்கெழமயே வந்து கூட்டிட்டுப் போயிருண்ணா. எனக்கு பயமா இருக்குது."

"நான் இருக்கறப்ப உனக்கு என்னாம்மா பயம்?" என்றான் வேடியப்பன். போனை வைத்ததும் பயம் அவனுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தரிடம் கிளம்பினான். மனைவி ஜெயபிரியாவும் ஏறிக்கொண்டாள். ஊரில் தையல் கடை வைத்திருக்கிறவள், கழுத்தில் டேப்பைக் கழற்றாமலே வந்துவிட்டாள்.

"நீ எதுக்கு?" என்றான்.

"நானுந்தான் சாமியப் பாக்கறேன். ஏங்க, ஒன்னு கேக்கட்டா? கைய மேல தூக்கினா சட்டை மொத்தமா இழுத்துக்கிட்டு வந்துச்சுன்னா என்னா அர்த்தம்? துணி பத்தலன்னு அர்த்தம். உங்க வண்டியும் அப்படித்தான் இழுக்குதுன்னு எனக்குத் தோணுது."

"ஷாக்குக்கும் ரவிக்கைக்கும் முடிச்சுப் போடாத. சாமி கோலு வெச்சு அளந்தது."

கொட்டகையில் அன்றைக்கு முதல் ஆள் பச்சியப்பன், மாங்காய் மண்டி முதலாளி. அவருடைய வண்டியில் ஏற அவருக்கே முக்காலி வேண்டும். தார் ரோட்டை விட்டு அந்த வண்டி இறங்கியதே இல்லை. கல்யாண மண்டப வாசலில் நின்றால் நாலு பேர் பார்க்க வேண்டும் என்பதற்காகத் தூக்கிக் கட்டியது. சிம்ம ராசி. நீலத் துணி சுற்றிய ஷாக்கைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வேடியப்பன் முறை வந்தது. விஷயத்தைச் சொன்னான். சித்தர் ஜீப்பை மூன்று முறை சுற்றினார்.

"மகனே, வண்டியில் ஏறப்போவது யார்?"

"எந்தங்கச்சிங்க சாமி. மாசமா இருக்குது."

"அவள் ராசி?"

"கன்னிங்க."

"அதுதான்! ஏறப்போகிறவளின் தோஷம் இப்போதே வண்டியை உதைக்கிறது. மேஷத்தின் ஷாக்கைக் கழற்று. கன்னிக்குரிய பத்தொன்பது அங்குலத்தை மாட்டு."

கூட்டம் 'ஆகா' என்றது. வேடியப்பன் பணம் எடுக்கச் சட்டைப் பைக்குள் கையை விட்டுவிட்டான். அப்போதுதான் ஜெயபிரியா வாயைத் திறந்தாள்.

"சாமி, ஒரு சந்தேகமுங்க. மொரப்பூர் போற பஸ்சுல அறுவது பேரு ஏறறாங்க. அவங்க ராசிக்கெல்லாம் அறுவது ஷாக்கு மாட்டுவாங்களா?"

யாரோ சிரித்தார்கள். சித்தர் சிரித்தவனைத் தேடி முறைத்தார். "பெண்ணே, இது சாஸ்திரம். சந்தேகப்பட்டால் பலிக்காது."

"சந்தேகமில்லீங்க, அளவுதான். நானும் அளவு எடுத்துப் பொழைக்கறவ. பத்தொம்பதும் இருபதும் இருபத்தொன்னும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காட்டுங்க. கண்ணுல ஒத்திக்கிட்டுப் போயிடறேன்."

கண்ணில் ஒத்திக்கொள்கிறேன் என்பவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? சித்தரின் பிட்டர் முனிராஜ் மூன்றைக் கொண்டுவந்து பெஞ்சில் வைத்தான். மேஷத்துக்குச் சிவப்புத் துணி, சிம்மத்துக்கு நீலம், கன்னிக்குப் பச்சை. ஜெயபிரியா துணியைப் பிரித்து, மூன்றையும் முழுக்க நீட்டி, தலையைத் தலையோடு சேர்த்து அடுக்கினாள். கால்களும் ஒரே வரிசையில் நின்றன. பள்ளிக்கூடப் பிரேயரில்கூட அவ்வளவு ஒழுங்கு இருக்காது.

கூட்டம் எட்டிப் பார்த்தது. சித்தர் அசரவில்லை.

"ஊனக் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். கோலுக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும்."

"அப்படிப் போடுங்க சாமி!" என்றார் பச்சியப்பன். கொடுத்த பணம் உள்ளே இருந்து அவரைப் பேச வைத்தது.

"அப்ப கோலையே கேட்டுருவோம்" என்றாள் ஜெயபிரியா. "சாமி கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

இடுப்பிலிருந்து துணியில் கோடு போடுகிற சாக்குக்கட்டியை எடுத்தாள். ஒரு ஷாக்கின் அடியில் பெருக்கல் குறி போட்டு, எல்லோருக்கும் உயர்த்திக் காட்டினாள். அதில் சிவப்புத் துணியைச் சுற்றினாள். "இப்ப அளங்க."

சித்தர் திரும்பினார். மந்திரம், கோடு, மந்திரம், கோடு. "இருபத்தொன்று! மேஷம்!"

"மறுபடி திரும்புங்க சாமி." சிவப்பை உருவி, அதே ஷாக்குக்கு நீலம் சுற்றினாள்.

"இருபது! சிம்மம்!"

இன்னொரு முறை. அதே ஷாக், பச்சைத் துணி.

"பத்தொன்பது! கன்னி! இதைத்தான் மகனே உன் வண்டி கேட்கிறது!"

ஜெயபிரியா துணியை விலக்கிப் பெருக்கல் குறியைக் காட்டினாள். பிறகு தன் டேப்பை நீட்டி வைத்தாள். எண்ணைப் படிக்கச் சொல்லி பச்சியப்பனைத்தான் கூப்பிட்டாள்.

"இருபத்தொன்னு" என்றார் பச்சியப்பன். அவர் குரலே அவருக்குக் கேட்கவில்லை.

"இருக்கறது எல்லாமே இருபத்தொன்னுதானுங்க" என்றான் முனிராஜ். ஒரு வருஷமாக அடக்கி வைத்தது அன்றைக்கு வெளியே வந்துவிட்டது. "மூடுன கம்பெனில ஒரே லாட்டா எடுத்தது. துணி மட்டும் நாந்தான் கலர் கலரா வாங்கியாந்தேன். இருபத்தி மூனு ஆகாதுன்னு ஏன் சொல்றாரு? அவருகிட்ட இல்ல, அதான்."

"டேய் முனிராஜு, வாய மூட்றா! என்னா பேசற?" சித்தரின் செந்தமிழ் அந்த நிமிஷமே சமாதி அடைந்தது.

கூட்டம் சித்தரை நெருங்கியது. ஆனால் வேடியப்பனுக்கு அவர் மேல் ஆத்திரம்கூட வரவில்லை. நாளைக்கு விடிந்தால் தங்கை காத்திருப்பாள். "சாமிய அப்புறம் பாத்துக்கலாம். எவ்வளவுதான் வேணும் என் வண்டிக்கு? அதச் சொல்லுங்க!" என்று கத்தினான்.

"வண்டியவே கேளுங்கண்ணா" என்றான் முனிராஜ். ஜாக்கியை வண்டியின் அடிச்சட்டத்துக்கு வைத்துப் பின்பக்கத்தைத் தூக்கினான். சக்கரம் அந்தரத்தில் நின்றது. "பாருங்க, சக்கரம் இப்ப ஷாக்குலதான் தொங்குது. ஸ்பிரிங்கு இன்னும் எறங்கப் பாக்குது, ஷாக்கு விடல." அடிப் போல்ட்டைக் கழற்றினான். ஆக்ஸில் 'தொப்' என்று கீழே இறங்கியது. ஆக்ஸிலில் போல்ட் மாட்டும் இரும்புக் காதில் ஒரு விரிசல் ஓடியிருந்தது. இன்னும் நாலு பள்ளம் இறங்கியிருந்தால் பிய்ந்திருக்கும்.

ஜெயபிரியா ஷாக்கின் மேல் போல்ட்டிலிருந்து கீழே அந்தக் காது வரை டேப்பைப் பிடித்தாள். இருபத்து மூன்றரை. எந்த ராசிக்கும் ஆகாத எண்ணைத் தாண்டி அரை அங்குலம்.

"இழுக்கற அளவு மட்டும் பத்தாதுக்கா, அமுக்கற அளவும் வேணும்" என்ற முனிராஜ், வண்டியை இறக்கிப் பச்சியப்பனையும் இன்னும் ஏழெட்டுப் பேரையும் பின்னால் ஏற்றினான். அடிச்சட்டத்தில் இருக்கும் ரப்பர் கட்டையில் ஆக்ஸில் முட்டும்வரை வண்டி அமுங்கியது. டேப் இப்போது பதினைந்து அங்குலம் காட்டியது. பக்தர்கள் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒரு உருப்படியான காரியத்துக்குப் பயன்பட்டார்கள். "நீட்டினா இருபத்தி மூன்றரைக்குக் கொஞ்சம் மேல, மடக்கினா பதினஞ்சுக்குக் கொஞ்சம் கீழ. அந்த அளவு ஷாக்கு எந்தக் கடையில இருந்தாலும் போடலாம். அவ்வளவுதான் சாஸ்திரம்."

அன்று சாயங்காலமே தர்மபுரியில் அந்த அளவு ஷாக் கிடைத்தது. முனிராஜ் விரிசலைப் பற்றவைத்து மாட்டிக்கொடுத்தான். கடைக்காரர் ராசி கேட்கவில்லை.

திங்கட்கிழமை கவிப்பிரியாவை ஏற்றிக்கொண்டு வேடியப்பன் பள்ளம் பள்ளமாக இறக்கினான். சக்கரம் இறங்கியது, ஏறியது, உதைக்கவில்லை. பின்னால் ஜெயபிரியாவின் தோளில் சாய்ந்து தங்கை தூங்கிவிட்டாள். கண்ணாடியில் அதைப் பார்த்தபோது அவனுக்கு வெட்கமாக இருந்தது. இவளை அந்தப் பச்சைத் துணி ஷாக்கில் ஏற்றிக்கொண்டு வந்திருப்பேனே, கையைப் பைக்குள் விட்டேனே என்று தன்னையே திட்டிக்கொண்டான். மறுநாள் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் நலம்.

கொட்டகை பூட்டிக் கிடக்கிறது. பச்சியப்பன் மட்டும் ஜெயபிரியாவின் தையல் கடைக்கு வந்து, "எனக்குப் போன பணம் போனதுதாம்மா. ஷாக்குக்கு வேற நல்ல சாமி யாராச்சும் இருந்தா சொல்லேன்" என்று ரகசியமாகக் கேட்டார். அவள் அவர் கையில் ஒரு டேப்பைக் கொடுத்து அனுப்பினாள்.

பச்சியப்பனைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. சந்தையில் மாடு வாங்கும்போது அதன் வாயைப் பிளந்து, பல்லை எண்ணிப் பார்த்துத்தானே பணத்தை எடுக்கிறோம்? மாடு ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. சாமியார் முன்னால் போனதும் மட்டும் ஏன் அய்யா நம் வாயை நாமே மூடிக்கொள்கிறோம்?