நாலாம் நம்பர் அறைக்காரர் போகமாட்டேன் என்கிறார்

அன்பும் மரியாதையும் நிறைந்த அத்தானுக்கு,

மைத்துனன் எழுதுவது. இங்கு வீட்டில் எல்லோரும் சுகம்; விடுதிதான் சுகமில்லை. அக்காவின் முழங்கால் வலி தேவலையா?

விருந்தாளி எவ்வளவு கத்தினாலும் சிரிக்க வேண்டும், கையோடு ஏதாவது ஒன்றை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று தாங்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். நாலாம் நம்பருக்கு ஒருவர் வந்தார். வந்ததுமே, "இது ரூமா, கோழிக்கூடா?" என்றார். சிரித்து, இன்னொரு தலையணை கொடுத்தேன். "இந்தக் காப்பிய ஒரு கழுதைகூடக் குடிக்காதுய்யா!" என்றார். சிரித்து, காலைப் பலகாரம் இலவசம் என்றேன். "எதுக்குய்யா பல்லக் காட்டுற?" என்றார். அதற்கும் சிரித்துத் தொலைத்து, அவர் துணியெல்லாம் சும்மாவே துவைத்துக் கொடுத்தேன். திட்டத் திட்டக் கொடுக்கிற இடத்தை விட்டு எவன் அத்தான் போவான்? இரண்டு நாளுக்கென்று வந்த மனுஷன் அசைய மாட்டேன் என்கிறார். எனக்கோ தாடையெல்லாம் வலி.

நேற்று அறை பெருக்கும் ஆயாம்மாவைப் பார்த்து, "முழியப் பாரு, திருட்டு முழி" என்று சொல்லிவிட்டார். பக்கத்தில்தான் நின்றேன். பழக்கதோஷம், சிரித்துவிட்டேன்.

"என்னத் திருடிங்கிறாரு, நீங்க நின்னு சிரிக்கிறீங்க. இந்த வாரத்துக்குள்ள அவரு போகணும், இல்லேன்னா அப்புறம் நான் வரல" என்றார் ஆயாம்மா. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆயாம்மா போனால் விடுதியை இழுத்து மூட வேண்டியதுதான். எந்தக் குழாய் எப்போது ஒழுகும் என்பதுகூட அவருக்குத்தான் தெரியும். கோபப்படலாமென்று கண்ணாடி முன் நின்று பார்த்தேன், வரமாட்டேன் என்கிறது. அலுத்துப்போச்சு அத்தான். தாங்களே உடனே புறப்பட்டு வந்து அந்த ஆளை வெளியே அனுப்பித் தர வேண்டும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, தங்கள் ரத்தக் கொதிப்புக்கு ஓய்வு.

இப்படிக்கு,
சிரித்துச் சிரித்தே கெட்ட மைத்துனன்

பின்குறிப்பு: இன்று காலை கடிதத்தை ஒட்டப் போகும்போது, வெந்நீர் வரவில்லையென்று அவர் கத்திக்கொண்டே இறங்கி வந்தார். நான் பல்லைக் காட்டுவதற்குள் ஆயாம்மா என் நாற்காலியில் உட்கார்ந்து, "மன்னிப்புக் கேட்டா வெந்நீர். இல்லேன்னா பெட்டி வாசல்ல" என்றார். மனுஷன் முழித்தார். அப்புறம், "தப்புதாம்மா" என்றாரே பார்க்கணும்! அந்த நாற்காலியிலேயே இருங்கள் என்று ஆயாம்மாவைக் கெஞ்சி உட்கார வைத்துவிட்டு, துடைப்பத்தை நான் வாங்கிக்கொண்டேன். காலையிலிருந்து மூன்று அறை பெருக்கியாயிற்று. யாரைப் பார்த்தும் சிரிக்க வேண்டியதில்லை, அப்பாடா! தாங்கள் வர வேண்டாம். வந்தே தீருவதென்றால் ஆயாம்மாவிடம் கொஞ்சம் மரியாதையாகப் பேசுங்கள். என்னால் சிபாரிசெல்லாம் செய்ய முடியாது.