அலைவரிசை ஐயாவும் மூன்று அட்டைப் பெட்டிகளும்

கல்லூரி திறக்கும் பருவம். கடைத்தெருவில் கணினிக் கடைகள் ஐந்து இருந்தன. நான்கில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஐந்தாவது கடையின் வரிசை மட்டும் மருந்துக்கடையைத் தாண்டி, தையற்கடையைத் தாண்டி, முனையிலிருந்த விளக்குக் கம்பம் வரை நீண்டிருந்தது. அங்கேதான் அலைவரிசை ஐயா இருந்தார்.

வரிசையில் நின்றவர்கள் எழுத்து வாசனை அறியாதவர்கள் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் நின்றார். இரண்டு பொறியாளர்கள் நின்றார்கள். இயற்பியல் பேராசிரியர் ஒருவரும் நின்றார். மாணவர் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று முகத்தை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருந்தார். எல்லாரும் பிள்ளைகளைக் கையோடு அழைத்து வந்திருந்தார்கள். பிள்ளை வராமல் ஐயா கணினி விற்பதில்லை. பிள்ளையின் உடம்பைக் கேட்டுத்தான் பாகங்களை முடிவு செய்வார்.

கேட்கும் முறை இதுதான். பிள்ளை இடது கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். வலது கையில் ஒரு பாகத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐயா கண்ணை மூடி நீட்டிய கையை அழுத்துவார். கை தாழ்ந்தால் அந்தப் பாகம் பிள்ளையின் அலைவரிசைக்கு ஆகாது. தாழாமல் நின்றால் பொருத்தம். இதில் வியப்பு என்னவென்றால், கடையில் விற்காமல் தேங்கிக் கிடந்த சரக்குக்கு மட்டும் எல்லாப் பிள்ளைகளின் கையும் இரும்புக் கம்பியாக நின்றது. மனித உடம்பு ஒரு கடைக்காரரின் கிடங்கை இவ்வளவு துல்லியமாக அறிந்து வைத்திருப்பது மருத்துவ உலகத்துக்கே புதுச் செய்தி.

போன ஆண்டு வரை அதே கடையில் ஐயா மின்விசிறி விற்றார். அப்போது எந்த விசிறியும் யாருடைய உடம்போடும் சண்டை பிடித்ததாகத் தகவல் இல்லை.

எல்லாவற்றுக்கும் சிகரம் அலைக்கவசம். உள்ளங்கை அகலத்தில் தாமிர நிறம் பூசிய கனத்த தகடு. கணினிப் பெட்டியின் தலையில் ஒட்டிவிட்டால் கெட்ட அலைகள் ஓடிவிடும், வேகம் தானாகக் கூடும். இது பொருந்தாத பிள்ளை இதுவரை பிறக்கவில்லை. வாங்கிப் போன ஒருவர், கணினி அடிக்கடி உறைந்து நிற்கிறது என்று திரும்பி வந்தார். வீட்டில் யாரோ அதைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதாக ஐயா விளக்கினார். வந்தவர் இரண்டாவது தகடு வாங்கிக்கொண்டு, மனைவியைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கப் போனார்.

அன்று வரிசையின் முதலில் ஒரு தாயும் மகளும். மகள் கட்டடக்கலை படிக்கிறாள். அவள் வரையும் வீட்டுப் படங்களைத் திறக்கச் சாதாரணக் கணினி போதாது. முப்பத்திரண்டு ஜிபி ரேம் நினைவகம் வேண்டும் என்று கல்லூரியிலேயே சொல்லியிருந்தார்கள். போன பருவத்தில் கல்லூரி ஆய்வகத்தை நம்பினாள். பாதிப் படம் திறப்பதற்குள் ஆய்வகத்தைப் பூட்டினார்கள். ஒரு தேர்வுத் தாள் போயிற்று. இந்த முறையும் போனால் ஓர் ஆண்டே போகும். வீட்டில் ஒரு கணினிக்குத்தான் வழி இருந்தது. அது வரைய வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

தாய்க்கோ ஐயாதான் எல்லாம். தெருவில் பாதி வீட்டை ஐயாவிடம் அனுப்பி வைத்தவரே அவர்தான்.

ரேமைப் பிடித்ததும் மகளின் கை பொத்தென்று தாழ்ந்தது.

"ஆகாதும்மா. பாப்பாவுக்கு இயல்பாவே ஞாபகசக்தி ஜாஸ்தி. மிஷினுக்கும் ஜாஸ்தியா வச்சா ரெண்டும் மோதிக்கும். நாலு ஜிபி போதும். மிச்சத்துக்கு ரெண்டு கவசம் ஒட்டிடலாம்" என்றார் ஐயா.

"நாலுல என் படம் திறக்கவே திறக்காதுங்க."

"கவசம் இருந்தா திறக்கும். எங்க, பிடி."

பிடித்தாள். கை அசையவில்லை. தாய் கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை.

மகள் சொன்னாள்: "அம்மா, ரேமுக்கு மணிக்கட்டுல அழுத்தினாரு. தகட்டுக்கு முழங்கைக்கு மேல அழுத்துறாரு. அங்க அழுத்தினா யார் கையும் இறங்காது."

"ஐயா எங்க தொட்டா உனக்கென்னடி, வாயாடி."

"சரி. பெட்டியில மூடி வச்சா அப்பவும் கைக்குத் தெரியுமா?"

ஐயா சிரித்தார். அந்த இடத்தில் அவர் வாயை மூடியிருக்கலாம். ஆனால் பின்னால் நீண்ட வரிசை கேட்டுக்கொண்டிருந்தது. "அலைக்கு அட்டை ஒரு தடையா பாப்பா?" என்றார்.

தாய்க்கு உற்சாகம் தாங்கவில்லை. மகளின் வாயை ஒரேயடியாக அடைக்க இதைவிட நல்ல வேளை ஏது? மேசைக்கடியில் மவுஸ் வந்த காலிப் பெட்டிகள் குவிந்து கிடந்தன. மூன்றை, ரேமோடும் தகட்டோடும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்கு நடந்தார். ஐயா அவசரமாக, சந்தேக அலை நிறைந்த இடத்தில் உடம்பு பேசாது என்று தொடங்கினார்.

"எனக்குச் சந்தேகமே இல்லைங்க ஐயா. அதனாலதான் நானே கட்டித் தரேன்" என்றார் தாய்.

பக்தையை மறுக்க எந்தச் சாமியாராலும் முடியாது. பெட்டிகள் காகிதம் திணித்து ஒட்டப்பட்டு வந்தன. எதில் என்ன என்று மகளுக்கும் தெரியாது. கை நீட்ட வங்கி மேலாளர் தாமாக முன்வந்தார்.

முதல் பெட்டி. கை தாழ்ந்தது. "விஷம். இதை வீட்டு வாசல்லயே சேர்க்கக் கூடாது."

இரண்டாவது. தாழ்ந்தது. "ஆகாது."

மூன்றாவது பெட்டியின் கனத்தில் மேலாளரின் வலது கை முன்னிரண்டையும்விடச் சற்றே அதிகம் தொய்ந்தது. அதைப் பார்த்ததும், மூடியிருந்ததாகச் சொல்லப்பட்ட ஐயாவின் கண்கள் தெளிந்தன. முழங்கைக்கு மேல் அழுத்தினார். கை தூணாக நின்றது. "இதுதான் கவசம். உடம்பு எப்படிக் குளிருது பாருங்க."

குளிர்வதாக மேலாளரும் ஒப்புக்கொண்டார்.

தாய் பெட்டியைப் பிரித்தார். உள்ளே துணி துவைக்கிற சோப்புக் கட்டி இருந்தது.

"பெட்டி ஒண்ணு மிஞ்சிச்சு. காலியா விடுவானேன்னு பையில இருந்ததைப் போட்டேன்" என்றார் தாய், யாரோ கேட்டதுபோல. பிறகு மற்ற இரண்டையும் பிரித்தார். ரேம் இரண்டாவதில் இருந்தது. விஷம் என்று தள்ளப்பட்ட முதல் பெட்டியில் அலைக்கவசம் பளபளத்தது.

சந்தேக அலை, பெண்டுலம், கிரகணக் கதிர் என்று ஐயா என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். தாய் எதையும் காதில் வாங்கவில்லை.

"ஐயா, கையை நீட்டுங்க."

பழக்கதோஷத்தில் நீட்டிவிட்டார். வலது கையில் தகட்டைத் திணித்து, நீட்டிய கையின் மணிக்கட்டில் இரண்டு விரலால் அழுத்தினார் தாய். கை இறங்கியது. தகட்டைப் பிடுங்கிச் சோப்பைக் கொடுத்து, முழங்கைக்கு மேல் அழுத்தினார். கை நின்றது.

"உங்களுக்கும் சோப்புதான் பொருத்தமா இருக்கு" என்றார்.

இப்போது பேராசிரியர் சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினார். இது வெறும் நெம்புகோல் தத்துவம், தமக்கு முதலிலேயே தெரியும் என்றார்.

"அப்புறம் எதுக்கு சார் வரிசையில நின்னீங்க?" என்று கேட்டாள் மகள்.

"டோக்கன் வாங்கிட்டேனேம்மா."

அடுத்த கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர் புதுக் கணினியில் முப்பத்திரண்டு ஜிபி ரேமை எடுத்துப் பொருத்திக் கொடுத்தார். யார் கையையும் அழுத்தவில்லை. அன்று மாலை மகளின் வீட்டுப் படம், மொட்டைமாடிப் படிக்கட்டு உட்பட முழுவதாகத் திறந்தது. தாய் பக்கத்தில் உட்கார்ந்து, சமையலறையில் ஜன்னல் சிறியது என்று குறை சொன்னார்.

அலைவரிசை ஐயா கடையைச் சாத்திவிட்டார். கலைந்த வரிசையிலிருந்து ஒருவர் மட்டும் தாயின் பின்னாலேயே வீடு வரை வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அது என்ன சோப்பும்மா?"

வாசகரே, பிள்ளைக்கு எல்லாப் பாகமும் கடையில் வாங்கலாம். கழுத்துக்கு மேலே உள்ள பாகம் மட்டும் எங்கும் விற்பதில்லை. பிறக்கும்போதே பொருத்தி அனுப்பியிருக்கிறார்கள். அடுத்த வரிசையில் போய் நிற்பதற்கு முன், அதையும் ஒரு முறை ஓட விட்டுப் பாருங்கள்.