அருணாவின் நாற்காலி

எதிர்க்கடை அருணா கழுத்தில் நீல நாடாவும் அடையாள அட்டையுமாக விழுப்புரம் பஸ் ஏறியதைப் பார்த்துக்கொண்டே கத்தரியை ஓட்டிய ஆரோக்கியசெல்வி, யாருடைய ஜாக்கெட் முதுகையோ இரண்டாகப் பிளந்துவிட்டாள்.

"போச்சா?" என்றான் பட்டன் தைத்துக்கொண்டிருந்த கணவன் இருதயராஜ்.

"துணி கெடக்கட்டும். மாசத்துக்கு ரெண்டு செவ்வாக்கெழமை பெரிய ஆபீசருங்ககூட ஒக்காந்து டீ குடிச்சிட்டு வர்றா. பாத்துக்கினு இருக்கீங்களே."

திண்டிவனத்தில் அந்தத் தெருவுக்கு இரண்டு தையல் கடை. செல்விக்கு நாலு மிஷின், அருணாவுக்கு மூன்று. ஆனால் மாவட்ட உள்ளூர்த் தொழில் கூட்டுக் குழுவில் சிறுகடைகள் சார்பாக உட்கார்ந்திருந்தவள் அருணா. ஊருக்கு வெளியே வந்திருக்கும் தொழிற்பேட்டை தனக்கு வேண்டியதை உள்ளூர்க்காரர்களிடமே வாங்கும்படி பார்த்துக்கொள்வது அந்தக் குழுவின் வேலை. அடுத்து இரண்டாயிரம் யூனிபாரம் தைக்கக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெருவெல்லாம் பேச்சு. குழுவில் இருப்பவளை விட்டு வேறு யாருக்குப் போகும்?

அன்று சாயங்காலம், பஸ்ஸை விட்டு இறங்கிய அருணாவிடமே கேட்டுப் பார்த்தாள்.

"அதுல எப்படிச் சேர்றது அருணா?"

"ஐயோ, பெரிய பேஜாருக்கா அது. உனக்கு எதுக்கு?"

அந்த 'உனக்கு எதுக்கு' செல்வியை இரண்டு நாள் சாப்பிட விடவில்லை.

விழுப்புரம் போய் விண்ணப்பம் வாங்கினாள். அஞ்சு மிஷின் இருக்கவேண்டும் என்று அதில் போட்டிருந்தது. "அவளுக்கே மூணுதான்" என்று சண்டை பிடித்ததற்கு, "அது பழைய ரூல்மா" என்றார்கள். உடனே முகையூர் நாத்தனார் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த கால்மிஷினை, கண்டக்டர் திட்டத் திட்ட பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்தான் இருதயராஜ். அது நுழைவதற்காகக் கடையில் இருந்த கட்டிங் மேஜையை வெளியே தூக்கிப் போடவேண்டியதாயிற்று. மேஜை இல்லாததால் வெட்டு வேலை நின்றது. வெட்டு வேலை நின்றதால், மறுவாரம் கல்யாணம் வைத்திருந்த சங்கவி தன் எட்டு ஜாக்கெட் துணியையும் வாங்கிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

செல்வி பல்லைக் கடித்துக்கொண்டு விண்ணப்பத்தோடு மறுபடி விழுப்புரம் போனாள்.

"திண்டிவனத்துக்கு ஒரு எடம்தாங்க" என்றார் கிளார்க். "அவங்க எறங்கினாத்தான் நீங்க ஏறலாம்."

வீட்டுக்கு வந்ததும் மனு எழுதினாள். 'ஒருவரே நிரந்தரமாக உட்கார்ந்துகொண்டால் மற்ற சிறு வியாபாரிகளுக்கு வழி எப்போது?' அந்த வரியை எழுதிவிட்டுத் தானே மூன்று முறை படித்தாள். கையெழுத்து வாங்கிவரக் கணவனை அனுப்பினாள். பஞ்சர் கடை, கோழிக் கடை, ஜூஸ் கடை என்று இருபது பேர் போட்டிருந்தார்கள். பதினொன்றாவது கையெழுத்தைப் பார்த்ததும் செல்வி தாளைக் கணவன் பக்கம் திருப்பினாள்.

"இன்னாங்க இது, அருணா கையெழுத்து?"

"தெரு முழுக்கன்னு நீதானே சொன்ன. அந்தப் பொண்ணு முழுசாப் படிச்சிப் பாத்துட்டு ஜல்தியாப் போட்டுக் குடுத்துச்சி."

"எவ்ளோ திமிரு பாருங்க. இந்த மனு என்னை இன்னா பண்ணிடும்னுதானே போட்டிருக்கா."

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனு நாளில், வெயிலில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று மனுவைக் கொடுத்தாள். வாங்கிப் படித்த, குழுவை நடத்தும் அதிகாரி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "நியாயமாத்தான் கேட்டிருக்கீங்க" என்றார். இரண்டே வாரத்தில் அருணா பெயர் போய், ஆரோக்கியசெல்வி பெயர் வந்தது. நீல நாடாவும் வந்தது.

நாடாவை மாட்டிக்கொண்டு தெருவில் மூன்று தடவை நடந்தாள். முதல் தடவை பால் வாங்க. மற்ற இரண்டும் சும்மா. அருணா கடைக்குள்ளிருந்து ஓடிவந்து அவள் கையில் ஒரு டப்பா மைசூர்பாகைத் திணித்து, "நல்லா இரு அக்கா" என்றாள். குரல் தழுதழுத்தது. உள்ளுக்குள் எப்படி எரிகிறதோ என்று நினைத்துச் செல்வி அன்றைக்கு வயிறாரச் சாப்பிட்டாள்.

முதல் கூட்டத்தில் பேங்க் மேனேஜருக்குப் பக்கத்து நாற்காலி. யூனிபாரம் பேச்சு வந்ததும் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். அதிகாரி அம்மா தாளைப் பார்த்து வாசித்தார்.

"ரெண்டாயிரம் செட். விதிப்படி தகுதி உள்ள ஒரே கடை, திண்டிவனம் அருணா டெய்லர்ஸ்."

எல்லோரும் கை தட்டினார்கள். பழக்கதோஷத்தில் செல்வியும் இரண்டு தட்டு தட்டிவிட்டு நிறுத்தினாள். டீ கொண்டுவந்த பியூன் மாசிலாமணியின் கையைப் பிடித்தாள்.

"அண்ணே, அவளைத்தான் குழுவுலேர்ந்து எடுத்துட்டாங்களே. அவளுக்கு எப்படி ஆர்டர்?"

மாசிலாமணி டீயை அவள் முன்னால் வைத்தார்.

"குழுவுல இருக்கிறவங்க கடைக்கு ஆர்டர் தரக் கூடாதும்மா, அதான் ரூலு, அந்தப் பொண்ணும் தன்னை விட்டுடச் சொல்லி ஒரு வருசமா மனு மேல மனுவாக் குடுத்துக்கினு இருந்துச்சி, வேற ஆளு கேட்டு வந்தாத்தான் எறக்குவோம்னுட்டாங்க, அந்த எடத்துக்கு வர்றதுக்கு உங்களை வுட்டா ஒரு ஆளு கெடைக்கல."