காதுக்குள் ஒஃபேலியா

எஃப்ராயின் கீவிஸ் நகரசபைத் தேர்தலில் நிற்பதென்று முடிவெடுத்த அன்றே ஜெயித்துவிட்டார். மனசுக்குள்தான். ஓட்டு வாங்குவது மட்டும் பாக்கி.

அதில்தான் சிக்கல். லாஸ் நோரியாஸ் ஊரில் பாதிப் பேர் ஆங்கிலத்தில் யோசிப்பவர்கள். மீதிப் பேர் ஸ்பானிஷில் கோபப்படுபவர்கள். எஃப்ராயினுக்குப் பெயர், முகம், மீசை எல்லாம் ஸ்பானிஷ். நாக்கு மட்டும் ஆங்கிலம். அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷ் முழுக்க, மனைவி ஒஃபேலியா கல்யாணம் ஆனதிலிருந்து சமையலறையில் கற்றுக்கொடுத்தது. "வா", "தின்னு", "பொய் சொல்லாதே", "வாயை மூடு". இதை வைத்துக்கொண்டு பிரசாரம் செய்ய முடியாது.

ஆகவே பீனிக்ஸிலிருந்து ட்ரெவர் என்று ஒரு ஆலோசகரைப் பிடித்தார். ட்ரெவர் ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தான். ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் ஸ்பானிஷ். ஊர் முழுக்க வீட்டுக்கு வீடு போனது. தன் வீட்டுக்கும் வரும் என்பதை எஃப்ராயின் யோசிக்கவில்லை.

லெட்யூஸ் கீரை அடுக்கும் கொட்டகையில் வேலை முடித்து, ரப்பர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார் ஒஃபேலியா. கையில் நோட்டீஸ்.

"கிழவா, இது யார் எழுதினது?"

"ஏன், நல்லாயிருக்கா?"

"இந்தப் பக்கம் நல்லாயிருக்கு." திருப்பினார். "இந்தப் பக்கம் வயித்தெரிச்சலா இருக்கு."

ஸ்பானிஷ் பக்கத்தில், விடிகாலையில் கொட்டகைக்குப் போகும் ஒற்றை பஸ் இனி இரண்டாகும் என்றிருந்தது. ஆங்கிலப் பக்கத்தில், அதே பஸ்ஸை அடியோடு நிறுத்தி வரியைக் குறைப்பேன் என்றிருந்தது.

"அந்தப் பக்கத்தை நீ எதுக்குப் படிச்சே? அது உங்களுக்கு எழுதினதே இல்ல."

"கண்ணு இருந்துச்சு, படிச்சேன். பஸ் நின்னுட்டா நான் எப்படி வேலைக்குப் போறது? உன் மீசையில தொங்கிக்கிட்டா?"

"அரசியல் உனக்குப் புரியாது ஒஃபே. ரெண்டு பக்கமும் வாக்கு குடுத்தாத்தான் ரெண்டு பக்கமும் வாக்கு விழும்."

"வாக்கு ரெண்டு. நாக்கு ஒண்ணுதானே? அது எந்தப் பக்கம்?"

"ஜெயிச்சப்புறம் சொல்றேன்."

"அப்ப ஜெயிச்சப்புறமே எங்கிட்ட பேசு."

அன்றிலிருந்து வீட்டில் தட்டு பேசியது, கதவு பேசியது. ஒஃபேலியா பேசவில்லை.

இந்த நேரம் பார்த்து மாதா கோயில் மண்டபத்தில் விவாதக் கூட்டம் வந்து சேர்ந்தது. முழுக்க ஸ்பானிஷில், உள்ளூர் வானொலியில் நேரடி ஒலிபரப்பு. எதிர்த்து நின்ற வால்டர் ஸ்ட்ரவுட் ஒரு மொழிபெயர்ப்பாளரோடு வருவதாகச் சொல்லிவிட்டார். எஃப்ராயினோ, "எனக்கெதுக்கு? என் ரத்தமே ஸ்பானிஷ்!" என்று பத்திரிகைக்கே பேட்டி கொடுத்திருந்தார். ரத்தம் வந்து மேடையில் பேசுமா? ட்ரெவர்தான் வழி சொன்னான். காதுக்குள் மிளகளவு ஒரு கருவி. வெளியே வண்டியில் ஒருத்தி வானொலி கேட்டபடி பதிலை ஸ்பானிஷில் சொல்லுவாள். இவர் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொன்னால் போதும்.

அந்த ஒருத்தி, கூட்டத்துக்குக் கிளம்பும் நேரத்தில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டாள்.

வேறு யாரிடம் போவது? எஃப்ராயின் சமையலறை வாசலில் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"ஒஃபே, இன்னைக்கு மட்டும். ட்ரெவர் இங்கிலீஷ்ல எழுதிக் குடுத்ததை அப்படியே ஸ்பானிஷ்ல சொன்னாப் போதும்."

"சரி."

இத்தனை வருஷத்தில் ஒஃபேலியா முதல் தடவையிலேயே "சரி" என்றது கிடையாது. அதற்கே எஃப்ராயின் பயந்திருக்க வேண்டும். அவரோ சந்தோஷப்பட்டார்.

முதல் இரண்டு கேள்விகள் நெய்யில் வழுக்கிய மாதிரி போயின. காதில் ஒஃபேலியா, வாயில் எஃப்ராயின். ட்ரெவருக்கு ஸ்பானிஷ் ஒரு எழுத்து தெரியாது; ஆனாலும் இரண்டாவது வரிசையிலிருந்து கட்டைவிரலை உயர்த்திக்கொண்டே இருந்தான். அப்புறம் கொட்டகைத் தொழிலாளி ஒருத்தி எழுந்தாள். கையில் அந்த நோட்டீஸ். ஒரு பக்கத்தைக் காட்டினாள். திருப்பி மறுபக்கத்தைக் காட்டினாள். ஏதோ கேட்டாள். எஃப்ராயினுக்குப் புரிந்தது "பஸ்" மட்டும்தான்.

காதில் சத்தமே இல்லை.

மண்டபம் காத்திருந்தது. வானொலி காத்திருந்தது. எஃப்ராயினின் சட்டைக்காலர் நனைந்தது. தண்ணீர் குடித்தார். இல்லாத தும்மலை ஒருமுறை தும்மினார். கருவி கெட்டுப்போச்சா? அவள் எழுந்து போய்விட்டாளா? கும்பலில் யாரோ முணுமுணுக்க ஆரம்பித்த சமயத்தில், மெதுவாக, தெளிவாக அந்தக் குரல் வந்தது. உயிர் திரும்பி வந்தது போல அதைப் பிடித்துக்கொண்டார். நெஞ்சில் கை வைத்துக் கம்பீரமாக ஸ்பானிஷில் சொன்னார்:

"என் காதுக்குள்ள ஒரு கருவி இருக்கு. அதுல என் பொண்டாட்டி பேசறா."

மண்டபத்தில் எல்லாரும் வாயைப் பிளந்தார்கள். உருகிவிட்டார்கள் என்று நினைத்தார்.

"நான் என்ன பேசறேன்னு சத்தியமா எனக்கே தெரியாது!"

முதலில் ஒரு மூலையில் சிரிப்பு. பிறகு கூரை அதிர்ந்தது. எஃப்ராயின் தலைவணங்கினார். ட்ரெவர் இரண்டு கட்டைவிரலையும் உயர்த்தினான். ஆனால் மொழிபெயர்ப்பாளர் காதில் கிசுகிசுக்க, ஸ்ட்ரவுட்டின் முகம் ஏன் இப்படி மலர்கிறது? எஃப்ராயினுக்குச் சந்தேகம் வந்தது. நிறுத்தவும் முடியவில்லை. குரல் விடாமல் சொல்லிக்கொண்டேயிருந்தது.

"இந்த நோட்டீஸ்ல ஒரு பக்கம் பொய்..."

பொய். அந்தச் சொல் அவருக்குத் தெரியும். சமையலறைச் சொல். நாக்கு வாயிலேயே ஒட்டிக்கொண்டது.

கூட்டத்தை நடத்திய வானொலிக்காரி சாயோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆங்கிலத்துக்கு மாறினாள். "கீவிஸ் ஐயா, இதை உங்க வாயால, உங்க பாஷையிலயே சொல்லுங்க. எந்தப் பக்கம் பொய்?"

பின்கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸோடு ஒஃபேலியா வந்து சுவரோரம் நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். முன்வரிசையில் வரிக்குறைப்புக்காரர்கள். பின்வரிசை முழுக்கக் கொட்டகைப் பெண்கள். எஃப்ராயின் காதிலிருந்து கருவியை எடுத்து மேசையில் வைத்தார்.

"ஆங்கிலப் பக்கம்," என்றார். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது. "பஸ் ஓடும். ரெண்டும் ஓடும்."

அன்று அவர் சொந்தமாகப் பேசியது அது மட்டும்தான். முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். ட்ரெவரின் கட்டைவிரல்கள் இறங்கின. மிச்சக் கேள்விகளுக்கு, சாயோ நாற்காலி போட்டுக் கொடுக்க, ஒஃபேலியா நேராகவே பதில் சொன்னார். எஃப்ராயின் அவருக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

தேர்தலில் எஃப்ராயின் மயிரிழையில் ஜெயித்தார். முதல் கூட்டத்திலேயே இரண்டாவது பஸ்ஸுக்குக் கை தூக்கினார். வீட்டிலும் பேச்சு திரும்பியது. இனி ஊரே நம்மைத் தேடி வரும் என்று நகரசபை அறையில் பெயர்ப்பலகையைத் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

எதிர்பார்த்தபடியே ஒரு அம்மாள் வந்தார். தெருவிளக்குப் புகார். உள்ளே எட்டிப் பார்த்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார்.

"வாங்கம்மா, நான்தான் மெம்பர். சொல்லுங்க."

அந்த அம்மாள் கதவை மெல்லச் சாத்திக்கொண்டே ஸ்பானிஷில் சொன்னது எஃப்ராயினுக்கு ஒரு சொல் விடாமல் புரிந்தது:

"பரவாயில்ல தம்பி, அவங்க இருக்கறப்ப வர்றேன்."