பண்ணையார் குளித்துக்கொண்டிருந்தபோது

மனிதனுக்கு மானம் போவது அவன் மடையனாக இருக்கும் நாளில் அல்ல, கெட்டிக்காரனாக இருக்கும் நாளில்தான். மடையனாக இருந்த நாட்களில் எனக்கு ஒரு குறையும் வந்ததில்லை. (அப்படிப்பட்ட நாட்கள் ஏராளம். என் மனைவியே சாட்சி.) ஒரே ஒரு நாள் நான் கெட்டிக்காரனாக இருந்தேன். அன்றைக்குக் குற்றாலத்தில் ஒரு பெரிய மனிதர் உடுத்தத் துணியில்லாமல் நின்றார்.

அது யுத்த காலம். எனக்குச் சிறு வயதிலேயே இடது கால் சூம்பிவிட்டது. கீழப்பாவூரில் அண்ணன் வீட்டில் எனக்குக் கிடைத்திருந்த உத்தியோகம், களத்தில் நெல் காயும்போது கட்டிலில் உட்கார்ந்து காக்கா விரட்டுவது. மதினி நல்லவள்தான். ஆனால் யார் வந்து விசாரித்தாலும், "கொழுந்தனா? காக்கா விரட்டுதாரு" என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அந்தக் காக்காவோடு நானும் பறந்து போய்விடலாமா என்றிருக்கும்.

அதிலிருந்து என்னை மீட்டது தென்காசியில் டீச்சரம்மா ஒருவர் நடத்திய கைத்தொழில் பள்ளி. என்னைப்போல் கையிலோ காலிலோ கண்ணிலோ குறையுள்ள, வளர்ந்த ஆட்களுக்கு அங்கே தொழில் சொல்லிக் கொடுப்பார்கள். கண் தெரியாத சுடலைமுத்து பிரம்பு நாற்காலி பின்னுவான். விந்தி நடக்கும் பேச்சியம்மாள் கையால் சுற்றுகிற மிஷினில் துணி தைப்பாள். எனக்கு எந்தக் கைவேலையும் படியவில்லை. வாய் மட்டும் இருந்ததால் கடையில் உட்கார வைத்தார்கள்.

கடை என்றால் குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் ஓர் ஓலைக் கொட்டகை. சாரல் சீசனில் மட்டும் போடுவோம். பெரிய வீட்டுக்காரர்கள் தமக்கு வேண்டாத துணிமணி, தட்டுமுட்டுச் சாமான்களைக் கொடுப்பார்கள். கிழிந்ததைத் தைத்து, உடைந்ததைச் சரிசெய்து விற்போம். பள்ளிக்கு நூல், பிரம்பு, அரிசி எல்லாம் அந்த வரும்படியில்தான்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பழந்துணியைக் கையில் கொடுக்க நம்மவர்களுக்குக் கூச்சம். வாசல் பெஞ்சில் மடித்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். ஆக, பெஞ்சில் இருந்தால் தானம். குற்றாலத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. குளிக்கப் போகிறவர்கள் உலர்ந்த துணியை எதிரே இருந்த காப்பிக்கடைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் துண்டோடு அருவிக்குப் போவார்கள், திரும்பி வந்து உடுத்திக்கொள்வார்கள். காப்பிக்கடைப் பெஞ்சு நிரம்பிவிட்டால் என்ன ஆகும் என்று அதுவரை நாங்கள் யாரும் யோசித்ததில்லை.

அந்தச் சமயம் பள்ளிக் கட்டடத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அச்சன்புதூர்ப் பண்ணையார் ஒருவருக்குத் தென்காசியில் நெல் சேர்த்து வைக்கும் கிட்டங்கி ஒன்று சும்மா கிடந்தது. அதைப் பள்ளிக்குக் கொடுப்பதா என்று கடையைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகத் தகவல் அனுப்பியிருந்தார். அவர் முடியாது என்றால் பள்ளியை மூட வேண்டியதுதான். "பதவிசா நடந்துக்கோ, ரொம்பப் பேசாதே" என்று என்னிடம் சொல்லிவிட்டு, டீச்சரம்மா அவரை எதிர்கொள்ளச் சத்திரத்து முக்குக்குப் போனார்கள். எனக்குக் கண்ணை மூடினால் காக்காவாகத் தெரிந்தது.

உள்ளே நாற்காலிகளைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தால், பெஞ்சில் சரிகை வேட்டி, பட்டு ஜிப்பா, அங்கவஸ்திரம்! துணிக்கு அவ்வளவு தட்டுப்பாடான காலத்தில்! "யாரோ புண்ணியவான் வச்சிட்டுப் போயிருக்காரு" என்று கூவினேன்.

பேச்சியம்மாள் தொட்டுப் பார்த்தாள். "உடுத்திக் கழட்டுன சூடுகூட ஆறலையே. விசாரிச்சிட்டு வித்தா என்ன?"

"குடுத்தவுகள விசாரிக்கப்படாது" என்றேன் பெரிய மனுஷத் தோரணையில்.

அப்போது பார்த்து ஒருவர் வந்தார். செங்கோட்டைக்குப் பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை. எனக்கு வாய் அரித்தது. "இது பெரிய மிராசுதார் உடம்புல கிடந்த ஜிப்பா அண்ணாச்சி. இதப் போட்டுட்டுப் போனா, பொண்ணு என்ன, பொண்ணோட அப்பாவே மயங்கிருவாரு." (நான் புளுகியதாகத்தான் நினைத்தேன். அத்தனையும் உண்மை.) ஜிப்பாவுக்குள்ளே இன்னொரு மாப்பிள்ளைக்கும் இடமிருந்தது. ஆனாலும் மனிதர் அங்கேயே போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

சற்று நேரத்தில், இடுப்பில் ஈரத் துண்டோடு ஒரு பாரியான உருவம் வந்து நின்றது.

"ஏலே, என் துணி எங்கலே?"

"எந்தத் துணி அண்ணாச்சி?"

"காப்பிக்கடையில இடமில்லன்னு இங்கன பெஞ்சில வச்சிட்டுப் போனேன்லா!"

"அத... வித்துட்டேன்."

"வித்துட்டியா? நான் யாருன்னு தெரியுமாலே?"

எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

செங்கோட்டை பஸ் கரியில் ஓடுகிற வண்டி. கரியை மூட்டி, ஊதி, கிளப்புவதற்குள் ஒரு யுகம் ஆகும். பிடித்துவிடலாம். ஆனால் யார் ஓடுவது? எனக்குக் காலில்லை, சுடலைக்குக் கண்ணில்லை. பேச்சியம்மாள் தலையில் அடித்துக்கொள்வதற்குள் நான் சுடலையின் முதுகில் ஏறிவிட்டேன். இப்படி இரண்டு பேர் ஊர்போய்ச் சேர்ந்ததாக ஒரு நீதிக்கதை உண்டு. அதைக் கட்டியவர் சாரலில் நனைந்த குற்றாலத்துச் சரிவில் ஓடிப் பார்த்தவரில்லை. "வலது! வலது!" என்று நான் கத்த, "கழுத்த விடுலே, மூச்சு முட்டுது!" என்று அவன் கத்த, இருவரும் பலாப்பழக் குவியலில் போய் விழுந்தோம். என்றைக்கும் இல்லாத திருநாளாக பஸ் உடனே கிளம்பிவிட்டது. ஜன்னலில் பட்டு ஜிப்பாக் கை ஒன்று எங்களுக்கு டாட்டா காட்டியது.

"பஸ்ஸு போயிட்டா?" என்றான் சுடலை எனக்கு அடியிலிருந்து.

"போயிட்டுலே."

"அப்ப எறங்கு."

சேறும் பலாப்பாலுமாகத் திரும்பி வந்தோம். சுடலை பின்னிய நாற்காலியில் பண்ணையார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்ற டீச்சரம்மா முகத்தில் ஈயாடவில்லை. பண்ணையாரின் சுற்றளவுக்கு எங்களிடம் எந்தத் துணியும் இல்லை. ஒரு துரை பங்களாவில் கொடுத்த ஜன்னல் திரைகள் மட்டும் இருந்தன, பச்சைக்கிளி அச்சடித்தவை. ஒன்றை வெட்டிப் பேச்சியம்மாள் ஜிப்பா தைத்து முடித்தாள். இன்னொன்றை அப்படியே வேட்டியாகக் கொடுத்தாள். "வளையத்தப் பிரிக்க நேரமில்ல அண்ணாச்சி. குளிர்ல நடுங்குதீயளே." பண்ணையார் உடுத்திக்கொண்டு இரண்டடி வைத்தார். கரையிலிருந்த பித்தளை வளையங்கள் கலகலவென்று ஒலித்தன.

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "தப்பு என்னோடது அண்ணாச்சி. என்னைய ஊருக்கு அனுப்பிருங்க, காக்கா விரட்டிப் பழகுனவன்தான். இவுகளுக்குக் கிட்டங்கியக் குடுத்திருங்க."

"அது கிடக்கட்டும். என்ன சொல்லி வித்த?"

சொன்னேன்.

"பொண்ணோட அப்பாவே மயங்கிருவாருன்னா சொன்ன?"

"ஆமா."

அவர் வயிற்றிலிருந்த கிளிகள் முதலில் குலுங்கின. பிறகுதான் சிரிப்புச் சத்தம் வந்தது. சிரித்துக்கொண்டே மறுபடி நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். "எங்க வீட்டு நாற்காலியா இருந்தா இந்நேரம் முறிஞ்சிருக்கும். சட்டையும் அக்குள்ல பிடிக்கல. டீச்சரம்மா, கிட்டங்கிச் சாவிய உங்ககிட்டக் குடுக்கணும்னுதான் காலையில எடுத்துட்டே வந்தேன். அதுக்கு நீங்க இப்பம் செங்கோட்டைக்குத்தான் போகணும். சாவி அந்த ஜிப்பாப் பையில இருக்கு!"

மறுநாள் பூட்டை உடைத்துத்தான் குடிபோனோம். கொஞ்ச நாள் கழித்து அந்த மாப்பிள்ளை சாவியோடும் லட்டோடும் வந்தார், பெண் அமைந்துவிட்டதாம். ஜிப்பாவை மட்டும் தரமாட்டேன் என்றுவிட்டார். பண்ணையாரும் கேட்கவில்லை. சீசன் தவறாமல் கிளி ஜிப்பாவில்தான் குற்றாலம் வந்தார். ஊரில் மதினி காக்காவுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டாள்.

பேச்சியம்மாள் என்னைக் கட்டிக்கொண்டாள். இன்றைக்கும் நான் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்கும்: "துணிய எங்க வச்சிருக்கீய? பெஞ்சிலயா?" பேரப்பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் என் துணியைக் கையோடு உள்ளே கொண்டுபோய்விடுவேன். அங்கே துணியை நனையாமல் போட ஒரு கொடி கட்டிக்கொள்ள இன்னும் புத்தி வரவில்லை. அதனால் இத்தனை வருஷமாகக் குளித்துவிட்டு ஈர வேட்டியோடுதான் வெளியே வருகிறேன்.